பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "எனக்கென்ன கேடு" என்பாய். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அங்கயாவது ஒழுங்கா வாசி" என்று கத்தினாயே, அதை வழிநெடுக மென்றுகொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள், "பரீட்சையில தவறிட்டியாம்மா?" என்று பரிவோடு கேட்டாள். எத்தனையோ பேர் கேட்டு எனக்குக் கிடைத்த இடம் இது. ஆறு மாதம் அறையும் சாப்பாடும் கொடுத்து, நீ வயலினைத் தவிர வேறு எதையும் நினைக்காதே என்கிறார்கள். அதற்குப் போகிறவளை வழியனுப்புகிற லட்சணமா அது?

அறை சின்னது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த துணி. கதவு நல்ல கனம், சாத்தினால் ஃபிரிட்ஜ் கதவு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். பக்கத்து அறையில் டிரம்ஸ் வாசிக்கிற ஒருவன், எல்லோரும் 'இடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நேற்று காலையிலிருந்து நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் என் வாசலில் அவனுடைய டிரம் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. "ஐயோ, ஆள் வந்தாச்சா? ரூம் காலின்னு நினைச்சேன்" என்றான். என்ன ஆணவம் பார்.

கைபேசியை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் பேசலாம். எடு.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கிற,
கொசு


ஜனவரி 21

கொசுவுக்கு அக்கா எழுதுவது. 

எனக்கென்ன கேடு, நன்றாக இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே.

ரெசிடென்சி ரெசிடென்சி என்று நீ சொன்னபோதெல்லாம் எனக்கு லாட்ஜ் பெயர் மாதிரியே கேட்டது. இப்போது அறை, கட்டில், சாப்பாடு என்று எழுதியிருக்கிறாய். சந்தேகமே இல்லை, லாட்ஜ்தான். சோப்பும் துண்டும் கொடுத்தார்களா?

கோபமாம் கோபம். கத்தினேன்தான். ஏன் கத்தினேன் என்று யோசித்தாயா? நான் பிரஸ்ஸில் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து பகலில் படுக்கிறேன். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். ஒரு சத்தம் வரவேண்டுமே, இல்லை. முன்பெல்லாம் வாசிப்பாய். இந்த நாலைந்து வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் செய்கிறாய்? கேட்டால் சண்டைக்கு வருவாய் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாசிக்காமலே உனக்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கிடைத்துவிட்டது, இனியாவது சோம்பாதே.

அம்மா போகும்போது உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நீ உருப்படாமல் போனால் அவள் என்னைத்தான் கேட்பாள்.

போனெல்லாம் வேண்டாம். போனில் பேசியது காற்றில் போகும். எழுது.

அக்கா


பிப்ரவரி 6

அக்கா,

நலமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. நலமாக இரு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கிழித்துப் போடலாமா என்று இருந்தது. நான் சோம்பேறியா?

இங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் இசைக்குழு நடத்துநர். போன வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வாசித்து முடித்தேன். அவர், "வீட்டுல பக்கத்து ரூம்ல யாராவது தூங்குவாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஸ்வரம் சுத்தம். விரல் சுத்தம். ஆனா கை பயப்படுது. வில்லைத் தந்தி மேல வைக்கும்போதே மன்னிப்புக் கேட்டுட்டு வைக்குது. நாலாவது வரிசைக்கு மேல நீ வாசிக்கிறது யாருக்கும் கேட்காது" என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னார். இடி தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் வாசிப்பது இங்கே பஞ்சுச் சுவரையும் மீறிக் கேட்கும். அன்று அவன் என் அறை காலி என்று நினைத்தது ஆணவம் இல்லை, உண்மை.

உனக்கு நினைவிருக்கிறதா? நீ ராத்திரி வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மத்தியானம், தலைவிரி கோலமாக என் அறைக்கு வந்து, "என்னைக் கொஞ்ச நேரம் தூங்க விடுவியா மாட்டியா?" என்று அலறினாய். மறுநாளே போய் ரப்பர் அடைப்பு வாங்கினேன். வயலினில் தந்திகளைத் தாங்குகிற குதிரை இருக்கிறதல்லவா, அதன் தலையில் மாட்டுவது. மாட்டினால் சத்தம் கால்வாசிதான் வரும். அதைப் போட்டுக்கொண்டுதான் ஏழு வருஷம் வாசித்தேன். தினமும். நீ படுத்த பிறகு, நீ எழுந்திருக்கும் வரை. அழுத்தி ஒரு வில் போட்டதில்லை. உனக்காக என் கையை நானே அடக்கி வளர்த்தேன். நீ என்னடாவென்றால் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தாய் என்று கேட்கிறாய்!

ஜூனில் இங்கே கடைசிக் கச்சேரி. ஊர் ஊராகப் போய் வாசிக்கிற ஒரு பெரிய குழு வந்து கேட்கும். அவர்களுக்கு ஒரு வயலின் ஆள் வேண்டும், இரண்டு வருஷத்துக்கு. எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்த நாற்காலி வேண்டும். அது கிடைக்காமல் போனால் காரணம் என் சோம்பேறித்தனம் இல்லை. உன் தூக்கம்.

கொசு


பிப்ரவரி 27

கொசுவுக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியம் உன் எழுத்திலேயே தெரிகிறது, பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பிரஸ்ஸில் புது மெஷின் இறக்கியிருக்கிறார்கள், பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. ஆளை மட்டும் கூட்டவில்லை.

ஒரு நாள் கத்தினேன். ஒரே ஒரு நாள்! அதற்கு ஏழு வருஷம் ரப்பர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? நான் மாட்டச் சொன்னேனா? மறுநாள் வந்து "அக்கா, நேத்து ஏன் அப்படிக் கத்தின?" என்று சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தால், அன்றைக்கே தீர்ந்திருக்கும். நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு, நீயாகத் தியாகம் செய்துகொண்டு, இப்போது பழியை என் தலையில் கட்டுகிறாய். நன்றாக இருக்கிறது உன் நியாயம். உன் நடத்துநரிடமும் சொல், அவர் டிக்கெட் கொடுக்கிற வேலையை மட்டும் பார்க்கட்டும், என் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த ரப்பரை இன்றைக்கே குப்பையில் போடு.

ஒன்று மட்டும் ஒளிக்காமல் எழுது. தினமும் வாசித்தாயா? நிஜமாகவா? போன வருஷமுமா? நான் படுத்திருந்தபோதா, கடைக்குக் கிடைக்குப் போயிருந்தபோதா? கதவு முழுக்கச் சாத்தியிருந்ததா?

எதற்குக் கேட்கிறேன் என்று கேட்காதே. பதில் எழுது.

அக்கா


மார்ச் 18

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆவல் என்று பழக்கத்துக்கு எழுதிவிட்டேன், இப்போது எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

என்ன போலீஸ் விசாரணை இது? தினமும் வாசித்தேன். போன வருஷமும் வாசித்தேன். நீ படுத்திருந்தபோதுதான் வாசித்தேன். கதவை எங்கே முழுக்கச் சாத்த முடியும், அதுதான் அடியில் உப்பிப்போய் ஒரு கை இடைவெளி விடுமே. இன்னுமா என்னை நம்பவில்லை?

ரப்பரைக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை. இடி வாங்கி எறிந்துவிட்டான். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. தினமும் அங்கே அவன் டிரம் அடிக்கிறான், நான் அதற்கு மேல் கேட்க வேண்டும். முதல் வாரம் எனக்கே நான் கேட்கவில்லை. தோள் இரண்டும் வீங்கி, சாப்பிடக் கை தூக்க முடியாமல் போனது. நடத்துநர் இன்னொன்று செய்தார். சாப்பாட்டுக் கூடத்தின் இந்தக் கோடியில் என்னை நிறுத்தினார். அந்தக் கோடியில் சமையலறை. சமையல்காரர் அடுப்பைப் பார்த்து நிற்பார், எங்களுக்கு முதுகுதான் தெரியும். "அவர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் வாசி. திரும்பிட்டா நிறுத்திக்கோ" என்றார். வாணலிச் சத்தம், குழாய்ச் சத்தம், பாத்திரச் சத்தம். நாள் கணக்கில் நின்றேன், மனிதர் அசையவில்லை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உன்னை நினைத்துக்கொண்டேன், சோம்பேறி என்று எழுதினாயே, அதை நினைத்துக்கொண்டு இழுத்தேன் பார். மனிதர் கரண்டியோடு திரும்பி, "யாரும்மா அது, பால் பொங்கிப்போச்சு!" என்று கத்தினார். கூடமே கைதட்டியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் சத்தத்தை நானே கேட்டேன் அக்கா. அது என் சத்தம்தானா என்று சந்தேகமாக இருந்தது.

இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். கடைசிக் கச்சேரியில் தனியாக வாசிக்க என்னை எடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அதெல்லாம் எடுத்து வச்சாச்சு." திரும்பவும் சொன்னேன். "ஆமா ஆமா, நல்லா இருக்கேன்" என்றாய். அழுகையோடு மூன்றாம் தடவை கத்தினேன். "சரி வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். ஆபீஸ் கிளார்க் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் அதை நேராகச் சொல். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் தலையாட்டி பொம்மை மாதிரிப் பேசாதே.

கொசு


ஏப்ரல் 14

சின்னவளுக்குச் சித்தி எழுதிக்கொள்வது.

இங்கு நாங்கள் எல்லோரும் நலம். எனக்கு மட்டும் முழங்கால் வலி, அது என்னோடுதான் போகும்.

நான் யாருக்கும் கடிதம் எழுதுகிறவள் இல்லை. வயிறு எரிகிறது, எழுதுகிறேன். உன் அக்காவுக்கு அப்படி என்ன திமிர்? போன வாரம் கடைத்தெருவில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஒரு தடவை இல்லை, தொண்டை கிழிகிற வரைக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. விடுவிடுவென்று நடக்கிறாள். கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். சரி போகட்டும் என்று வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று தட்டுகிறேன், உள்ளே விளக்கு எரிகிறது, ஆள் நடமாடுகிறது, திறக்கவில்லை. கடைசியில் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன். அப்போதுதான் மகாராணி வந்தாள். "என்னடி, சித்தி வேண்டாதவளா போயிட்டேனா?" என்று கேட்டேன். "எப்ப சித்தி வந்தீங்க?" என்கிறாள்! நடிப்பென்றால் நடிப்பு.

உங்கள் அம்மா இருந்தவரை எனக்கு இந்த அவமரியாதை நடந்ததில்லை. நீ பெரிய ஆளாகி மேடையில் ஏறினாலும் இப்படி ஆகிவிடாதே. உன் அக்காவிடம் நீ கேட்டு எனக்குப் பதில் எழுது. அதுவரை அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன்.

ஆசிகளுடன்,
சித்தி


ஏப்ரல் 22

அக்கா,

சித்தியின் கடிதம் வந்தது. மூன்று நாளாக அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே கூடத்தில் நின்று வாசித்தேனே, சமையல்காரர் திரும்பிப் பார்க்காததற்குத் திமிரா காரணம்? அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். சித்தி கூப்பிட்டு நீ திரும்பவில்லை. கதவைத் தட்டி நீ திறக்கவில்லை. போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல்கிறாய்.

இன்னொன்று. ரப்பர் மாட்டினால் சத்தம் கால்வாசி வரும் என்று உனக்கு எழுதினேன். எழுதியவள் நானே யோசிக்கவில்லை. கால்வாசி என்றால் வரும் என்றுதானே அர்த்தம்? கீழ்வீட்டுத் தையல்கார அம்மா, "நீ வாசிக்கிறது தூரத்துல எங்கயோ கேக்குற மாதிரி கேக்குது, கேட்டுக்கிட்டே தைப்பேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தளம் கீழே இருக்கிறவருக்குக் கேட்டிருக்கிறது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், சாத்தாத கதவுக்குப் பக்கத்தில் படுத்திருந்த உனக்குக் கேட்கவில்லை.

ஒரே வீட்டில்தானே இருந்தேன், எனக்கு எப்படித் தெரியாமல் போனது? பிரஸ்ஸில் அந்த இரைச்சலில் எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவோம் என்பாய், அதனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுவது பழக்கம் என்று விட்டுவிட்டேன். கத்திப் பேசுவது உன் குணம் என்று விட்டுவிட்டேன்.

நேராகக் கேட்கிறேன். உனக்குக் காது கேட்கிறதா, இல்லையா?

மழுப்பி எழுதினால் அன்றைக்கே கிளம்பி வருவேன்.

கொசு


மே 9

கொசுவுக்கு,

கேட்கவில்லை. போதுமா?

இடது காது போய்விட்டது. வலது காதில் மெஷின் சத்தம் கேட்கும், லாரி கேட்கும், யாராவது பக்கத்தில் வந்து கத்தினால் கேட்கும். மற்றபடி நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இரு. சித்திக்கு நான் திமிர் பிடித்தவள் என்றே பதில் எழுது. 'பாவம்' என்று அவள் வாயால் கேட்பதைவிட அது மேல்.

எப்போதிலிருந்து என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. நீ ரப்பர் மாட்டிய புதிதில் எனக்குக் கேட்டது. எங்கேயோ தூரத்தில் யாரோ வாசிக்கிற மாதிரிக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் கண் அசருவேன். உன்னிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் ஏறும். அப்புறம் ஒரு காலத்தில் அது இல்லை. நீ வாசிப்பதை விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? இவளுக்காக இந்த இரைச்சலில் நின்று சாகிறேன், இவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பேன். வருஷக்கணக்காக. நீ சுவருக்கு அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

காது கொஞ்சம் மந்தம் என்பது எனக்குத் தெரியும். எங்கள் மெஷின் ஹாலில் யாருக்குத்தான் மந்தமில்லை? ஆனால் எவ்வளவு போய்விட்டது என்பது உன் பிப்ரவரிக் கடிதத்தில்தான் எனக்கே தெரிந்தது. தினமும் வாசித்தேன் என்று நீ எழுதியிருந்தாய். சமையலறையில் நின்று படித்தேன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி யார் மேல் கோபப்பட வேண்டும் என்று சொல்கிறேன், அந்தப் பக்கம் திருப்பு உன் கோபத்தை. ஹாலில் காதை மூட எங்களுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. நாங்களாகப் பஞ்சு வைத்தால் சூப்பர்வைசர் பிடுங்கி எறிவான், அவன் விசில் எங்களுக்குக் கேட்க வேண்டுமாம். வருஷத்துக்கு ஒரு தடவை காதுச் சோதனை என்று ஒரு வேன் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்பார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற ஆளின் விரல் தெரியும். விரல் பொத்தானை அழுத்தும்போது கையைத் தூக்கிவிடுவோம். மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். எல்லோரும் பாஸ். தவறினால் மெஷினுக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவான். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவனுக்கு வேண்டியது எல்லோரும் பாஸ் என்று ஒரு தாள்.

என்னை நினைத்து மேடையில் மூக்கை உறிஞ்சினாயோ, தெரியும் சேதி. உன் நடத்துநர் சொன்ன அந்தப் பயம் இனி உன் கையில் இருக்கக் கூடாது. பக்கத்து அறையில் யாரும் தூங்கவில்லை. வெளுத்துக்கட்டு.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இதை நிஜமாகவே எழுதுகிறேன்.

கச்சேரி நேற்று முடிந்தது. மூக்கை உறிஞ்சவில்லை. மேடையில் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்த சூப்பர்வைசரின் விசிலை நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விரலை நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்தும் கண்டுபிடிக்காத என்னை நினைத்தேன். வில்லை வைத்தபோது அது மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நடுவில் வில்லின் மயிர் இரண்டு அறுந்து தொங்கியது, அதோடேயே வாசித்தேன். முடிந்ததும் சபையே கைதட்டியது. நடத்துநர் மேடைக்குப் பின்னால் வந்து, "கடைசி வரிசைக்கு வெளியில, வாட்ச்மேன் எழுந்து நின்னு கேட்டாராம்" என்றார். இடி என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

நாற்காலி எனக்குத்தான் அக்கா. குழுவின் தலைவரே வந்து கை கொடுத்தார். இரண்டு வருஷம், பத்துப் பன்னிரண்டு ஊர். இந்த ஆறு மாதம் இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் எனக்கு இது நடந்திருக்காது. ஒப்பந்தத்தாளை மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

நான் போடப் போவதில்லை.

கத்தாதே, முழுக்கப் படி. உன் காதைக் கொடுத்து என் கை வளர்ந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற என்னால் முடியாது. வீட்டுக்கு வருகிறேன். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள், அது போதும். நீ பிரஸ்ஸை விடு. உன்னை நல்ல டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அப்புறம், இடி ஒன்று சொன்னான். வயலின் பலகை மேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரியுமாம், காது கேட்காதவர்கள் அப்படிக் கேட்பார்களாம். தினமும் உனக்கு வாசிக்கிறேன். நீ கையை வைத்துக் கேள்.

முப்பதாம் தேதி பஸ். சாப்பாடு எடுத்து வை.

உன்,
கொசு


ஜூன் 24

கொசுவுக்கு,

நான் நலம். உன் மூளைதான் நலமில்லை.

கையை வைத்துக் கேட்பதாம்! படம் எடுக்கிறாயா நீ? நான் கையை வைத்துக்கொண்டு கண்ணீர் விட வேண்டும், நீ கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க வேண்டும், கீழ்வீட்டு அம்மா கதவோரம் நின்று மூக்கைச் சிந்த வேண்டும். நாலு நாளில் உனக்குச் சலித்துவிடும், எனக்கு இரண்டாம் நாளே கை மரத்துவிடும். அந்த இடியிடம் சொல், அவன் டிரம்மில் அவனே கையை வைத்துக்கொள்ளட்டும்.

உன் காதைக் கொடுத்து என் கை வளர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். என் காதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தேன் என்று நீயே எழுதினால், எடுத்தவன் நிம்மதியாகத் தூங்குவான். இன்னொரு தடவை அந்த வார்த்தையை எழுதாதே.

போன திங்கட்கிழமை சோதனை வேன் வந்தது. என்னைப் பெட்டிக்குள் உட்காரவைத்து மாட்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் தயாராக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையை மடியில் வைத்தேன். எத்தனை தடவை அழுத்தினானோ, எனக்குத் தெரியாது. கடைசியில் அந்த ஆள் உள்ளே வந்து தோளைத் தொட்டபோதுதான் கண்ணைத் திறந்தேன். "என்னம்மா, ஒண்ணுமே கேக்கலயா?" என்றான், உதட்டில் படித்தேன். "ஒண்ணுமே கேக்கல. அப்படியே எழுதுங்க" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது.

வெளியே வந்தேன். வரிசையில் எங்கள் ஹால் பெண்கள் எல்லோரும் நின்றார்கள், பக்கத்திலேயே சூப்பர்வைசர் விசிலோடு நின்றான். எனக்கு அடுத்தவளைப் பார்த்து, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தேன். கண்ணை மூடு. அவள் பின்னால் திரும்பி அடுத்தவளுக்குச் சொன்னாள். அவன் மூக்குக்குக் கீழேயே வரிசைக் கடைசி வரைக்கும் போனது. இரண்டு பேர் பயந்து கையைத் தூக்கிவிட்டார்கள், வீட்டில் பிள்ளைகள் இருக்கின்றன, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள்.

அந்தப் பெரிய மெஷின் இன்றைக்கு நிற்கிறது. ஓட்ட ஆளில்லை. விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து வழக்குப் போடப் போகிறோம். தினமும் ஒருத்தி வீட்டில் கூடுகிறோம், ஒருத்தருக்கும் கேட்காமல் எல்லோரும் கத்துகிறோம். இது என் சண்டை, நான் போட்டுக்கொள்கிறேன். நீ நடுவில் வந்து எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

இந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே போயிருக்கிறது. அதையும் கூப்பிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் அடைக்கப் பார்க்கிறாயா? நான் ஒரு தடவை ஏமாந்தேன் போதும், நீ வாசிக்கவில்லை என்று நினைத்து. இனி நிஜமாகவே நீ வாசிக்காமல் இருந்தால் என்னால் தாங்க முடியாது. இதை ஒரு தடவைதான் எழுதுவேன், கோபத்தில் எழுதிவிட்டேன், படித்துவிட்டு மறந்துவிடு.

தாளில் கையெழுத்துப் போடு. இல்லை, பிடிவாதமாக வருவேன் என்றால் வா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வா. வாசலில் நின்று விடிய விடியக் கதவைத் தட்டு.

எனக்குக் கேட்காது.

அக்கா